கனடாவுக்குப் புதிதாக வந்த குடும்பங்கள் அரசு உதவித்தொகை பெறுவது எப்படி?

2023 ஆகஸ்டில் நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் பி.ஆர்., அதாவது நிரந்தர வசிப்புரிமை, பெற்று டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்கு வந்து இறங்கினோம். மூன்றாவது வாரத்தில் கணவருக்கு ஒரு சரக்குக் கிடங்கில் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போயிற்று. பிள்ளைகளுக்காக அரசு தரும் சைல்ட் பெனிஃபிட் இரண்டு மாதத்தில் வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். எங்களுக்கு முதல் தொகை வந்தது 2024 மார்ச்சில். நிலுவை முழுவதும் சேர்ந்து வந்தது உண்மைதான், ஆனால் அதுவரை மளிகைச் சாமான்களைக் கடன் அட்டையில் வாங்கிய வட்டியை யாரும் திருப்பித் தரவில்லை. தாமதத்துக்குக் காரணம் நாங்கள் செய்த மூன்று தவறுகள். மூன்றையும் உரிய இடங்களில் சொல்கிறேன்.

நான் எழுதுவது ஒன்டாரியோ மாகாணத்தை வைத்து. கனடா அரசின் தொகைகள் எல்லா மாகாணங்களுக்கும் பொது, ஆனால் மாகாணத் தொகைகள் வேறுபடும். கியூபெக்கில் மாகாண வரியைத் தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால் அங்கே இருப்பவர்கள் அதற்குரிய விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. எந்தத் தொகை யாருக்கு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு முக்கியமானவை நான்கு. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்காக மாதந்தோறும் வரும் கனடா குழந்தை உதவித்தொகை, அதாவது சைல்ட் பெனிஃபிட், இவற்றில் பெரியது. ஒன்டாரியோவின் சொந்தக் குழந்தைத் தொகையும் தனி விண்ணப்பம் இல்லாமல் இதனுடன் சேர்ந்தே வரும். அடுத்தது, விற்பனை வரிச் சுமையை ஓரளவு ஈடுசெய்ய மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஜி.எஸ்.டி. கிரெடிட். மூன்றாவது, குறைந்த சம்பளத்தில் உழைப்பவர்களுக்கான வொர்க்கர்ஸ் பெனிஃபிட். நான்காவது, வாடகையையும் மின்கட்டணச் சுமையையும் ஓரளவு ஈடுசெய்யும் ஒன்டாரியோ டிரில்லியம் பெனிஃபிட்.

இந்த நான்கையும் கையாள்வது சி.ஆர்.ஏ. என்று எல்லோரும் அழைக்கும் கனடா வருவாய் முகமை, அதாவது வரித்துறை. நம் ஊரில் வரி கட்ட வேண்டியவர்தான் கணக்குத் தாக்கல் செய்வார், உதவித்தொகைக்குத் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுப்போம். இங்கே இரண்டும் ஒரே வாசல். ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காதவரும் ஆண்டுதோறும் வரித்தாக்கல் செய்தால்தான் தொகை தொடரும். வேலையில்லாத நான் எதற்காகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று முதல் ஆண்டில் நானே கேட்டேன். தாக்கல்தான் மனு என்பது பிறகுதான் புரிந்தது.

அளவை அறிய ஒரு கணக்கு. 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையிலான காலத்துக்கு, 6 வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 7,997 டாலர், 6 முதல் 17 வயதுவரை 6,748 டாலர். கணவன் மனைவி இருவரின் நிகர வருமானமும் சேர்ந்து 37,487 டாலருக்குள் இருந்தால் தொகை முழுமையாகக் கிடைக்கும். அதைத் தாண்டினால், தாண்டிய தொகையில் ஒரு பிள்ளை உள்ள குடும்பத்துக்கு 7 சதவீதமும் இரு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு 13.5 சதவீதமும் கழிப்பார்கள். நான்கு வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள் உள்ள, 50,000 டாலர் வருமானமுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 13,056 டாலர், மாதத்துக்கு ஏறக்குறைய 1,088 டாலர் வரும். இதற்கு வரி கிடையாது.

2. தகுதி நாளைச் சரியாகக் கணக்கிடுங்கள்

கணவன், மனைவி இருவரில் ஒருவர் குடியுரிமையோ பி.ஆர்.ஓ பெற்றிருந்தாலும், அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்டவர் என்ற நிலையில் இருந்தாலும் இங்கே குடியேறியவுடனேயே சைல்ட் பெனிஃபிட்டுக்கு விண்ணப்பிக்கலாம். வேலை அனுமதியிலோ படிப்பு அனுமதியிலோ வந்தவர்கள் 18 மாதம் தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும், 19ஆம் மாதத்திலும் செல்லுபடியாகும் அனுமதி கையில் இருக்க வேண்டும். அதற்கு முன்பே அனுப்பினால் நிராகரிப்புக் கடிதம்தான் வரும். எனவே 19ஆம் மாதத்தை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். தற்காலிக வசிப்பு நிலையைத் தராது என்று குறிப்பு அச்சிடப்பட்ட அனுமதி இதற்குச் செல்லாது. அனுமதியைப் புதுப்பித்ததும் அதன் நகலைச் சி.ஆர்.ஏ.வுக்கு அனுப்பாவிட்டால், பழைய அனுமதி முடியும் மாதத்தோடு தொகை நின்றுவிடும்.

3. சின் எண்ணும் பெயரும்

வந்த முதல் வாரத்திலேயே சர்வீஸ் கனடா அலுவலகத்துக்குக் கடவுச்சீட்டுடனும் குடியேற்ற ஆவணத்துடனும் சென்று சின் எண்ணை, அதாவது வேலைக்கும் வரிக்கும் கேட்கப்படும் சமூகக் காப்பீட்டு எண்ணை, வாங்கிவிடுங்கள். கட்டணம் இல்லை. நேரில் சென்றால் பெரும்பாலும் அன்றே கையில் கிடைக்கும். தற்காலிக அனுமதியில் உள்ளவர்களின் எண் 9இல் தொடங்கும். அவர்கள் பி.ஆர். ஆனதும் புதிய எண் வாங்க வேண்டும். அந்த மாற்றத்தைச் சி.ஆர்.ஏ.வுக்கும் வங்கிக்கும் முதலாளிக்கும் தெரிவிப்பது உங்கள் பொறுப்பு.

இங்கே நம்மவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், கனடா ஆவணங்களில் அந்தப் பெயரைக் குடும்பப்பெயர் இடத்தில் போட்டுவிடுவார்கள். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகவோ பின்பெயராகவோ வைத்திருப்பவர்கள் வீட்டில் மனைவிக்கு அவர் தந்தையின் பெயர், பிள்ளைகளுக்கு அவர்கள் தந்தையின் பெயர் என்று ஆளுக்கொரு குடும்பப்பெயராக நிற்கும். நமக்கு அது இயல்பு. இங்குள்ள அலுவலருக்கோ, வேறு குடும்பப்பெயருள்ள ஒரு பெண் ஏன் இந்தப் பிள்ளைகளுக்கு விண்ணப்பிக்கிறார் என்ற கேள்வி எழும். எங்கள் முதல் தவறு இதுதான். விண்ணப்பத்தில் என் பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் இருந்தபடி கணவர் பெயரோடு எழுதியிருந்தோம். சின் பதிவில் என் தந்தையின் பெயர் இருந்தது. சின் பதிவில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாப் படிவங்களிலும் எழுதுங்கள். பெயர் வேறுபாட்டை விளக்கும் நான்கு வரிக் கடிதம் ஒன்றைத் தாய் தந்தை இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழுடன் இணைத்துவிடுங்கள்.

4. ஆவணங்களைத் திரட்டுங்கள்

படிவங்கள் இரண்டு. ஆர்.சி.66 என்பது விண்ணப்பம். அதனுடன் சேரும் ஆர்.சி.66 எஸ்.சி.எச். என்பது குடியேற்ற நிலையையும் வருமானத்தையும் கேட்கும் இணைப்பு. இரண்டும் இலவசம். இவற்றை நிரப்பித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். நாங்கள் ஒருவருக்கு 120 டாலர் கொடுத்தோம். அவர் இணைப்புப் படிவத்தை வைக்கவே இல்லை.

படிவங்களுடன் அனுப்ப வேண்டியவை: இருவரின் குடியேற்ற ஆவணங்கள், அதாவது பி.ஆர். அட்டையின் இரு பக்கங்கள் அல்லது வந்திறங்கியபோது தந்த, நிரந்தர வசிப்புரிமையை உறுதிசெய்யும் சி.ஓ.பி.ஆர். தாள், அனுமதியில் இருப்பவர்கள் இதுவரை வாங்கிய அனுமதிகள். கனடாவுக்கு வெளியே பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறப்புச் சான்று. மூலத்தை ஒருபோதும் அனுப்பாதீர்கள், தெளிவான நகல் போதும். தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலமும் இருப்பதால் எங்களுக்கு மொழிபெயர்ப்புச் செலவு இல்லை. தமிழிலோ சிங்களத்திலோ மட்டும் உள்ள இலங்கைச் சான்றிதழ் என்றால் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு தேவை. எங்கள் எதிர்வீட்டு அக்கா ஒரு பக்கத்துக்கு 45 டாலர் கொடுத்தார், நான்கு நாள் ஆயிற்று.

வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, பள்ளிச் சேர்க்கைக் கடிதம் ஆகியவற்றை இப்போது அனுப்ப வேண்டாம், ஆனால் ஓர் உறையில் சேர்த்து வையுங்கள். ஆறாம் படியில் அவற்றுக்கு வேலை வரும்.

5. விண்ணப்பத்தை நிரப்புங்கள்: யார் பெயரில், என்ன வருமானம்

தாயும் பிள்ளைகளும் ஒரே வீட்டில் இருந்தால், பிள்ளைகளை முதன்மையாகப் பராமரிப்பவர் தாய்தான் என்று சி.ஆர்.ஏ. எடுத்துக்கொள்கிறது. எனவே தாயின் பெயரில் விண்ணப்பியுங்கள். உண்மையில் தந்தைதான் பராமரிக்கிறார் என்றால், அதைச் சொல்லித் தாய் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றைத் தந்தையின் விண்ணப்பத்துடன் வைக்க வேண்டும். எங்கள் இரண்டாவது தவறு இங்கே. சம்பளம் வாங்குபவர் என்பதால் கணவர் தம் பெயரிலேயே விண்ணப்பித்தார். செப்டம்பரில் அனுப்பியது டிசம்பரில் விளக்கம் கேட்கும் கடிதமாகத் திரும்பி வந்தது. ஜனவரியில் என் பெயரில் புதிதாக எழுத வேண்டியதாயிற்று.

மூன்றாவது தவறு வருமானக் கட்டங்கள். பலரும் தடுக்கி விழும் இடம் இது என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு ஜூலை முதல் அடுத்த ஜூன் வரை வரும் தொகை, அதற்கு முந்தைய நாட்காட்டி ஆண்டின் குடும்ப வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. எங்களைப் போல 2023 ஆகஸ்டில் வந்தவர்களுக்கு, 2024 ஜூன் வரையிலான தொகைக்கு 2022ஆம் ஆண்டு வருமானம் அடிப்படை. அந்த ஆண்டில் நாங்கள் கனடாவிலேயே இல்லை. ஆகவே ஊரில் சம்பாதித்ததைத்தான் கேட்கிறார்கள். ‘இது கனடா வருமானம் இல்லையே’ என்று கட்டத்தைக் காலியாக விட்டோம். காலியாக விட்டால் கணக்கிட முடியாது என்று விண்ணப்பத்தைக் கிடப்பில் போட்டுவிடுவார்கள். வருமானமே இல்லையென்றால் ‘0’ என்று எழுத வேண்டும். இருந்தால் கனடா டாலரில் எழுத வேண்டும். வருவதற்கு முன் சம்பாதித்ததற்கு இங்கே வரி விதிக்க மாட்டார்கள், தொகையைக் கணக்கிட மட்டுமே அது பயன்படும் என்பதால் மறைக்கத் தேவையில்லை.

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சு. ஊரில் முதலாளி தரும் சம்பளம், வரிச் சான்றான படிவம் 16 ஏப்ரல் முதல் மார்ச் வரையிலானது. இவர்கள் கேட்பதோ ஜனவரி முதல் டிசம்பர் வரை. இரண்டு நிதியாண்டுகளின் படிவங்களையும் சம்பளச் சீட்டுகளையும் விரித்து வைத்துக்கொண்டு மாதவாரியாகப் பிரித்துக் கூட்ட வேண்டும். வீட்டு வாடகை வரவு, வங்கி வட்டி எல்லாம் இதில் சேரும். பிறகு அந்த ஆண்டின் சராசரி மாற்று விகிதத்தால் டாலராக மாற்றுங்கள். 2022இல் ஒரு கனடா டாலர் ஏறக்குறைய 60 ரூபாய். ஆக, 12 லட்சம் ரூபாய் சுமார் 20,000 டாலர். ஊரில் நல்ல சம்பளம் என்று நாம் நினைப்பதும் இங்குள்ள 37,000 டாலர் வரம்புக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடுவதால், உண்மையைச் சொல்பவருக்கு முழுத்தொகைதான் கிடைக்கும். வந்த ஆண்டுக்கும் ஜனவரியிலிருந்து வந்திறங்கிய நாள்வரை சம்பாதித்ததைத் தனியாக எழுதச் சொல்வார்கள். எல்லாக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி நகல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரித்தாக்கலின்போது இதே எண்கள் மீண்டும் தேவைப்படும், அப்போது வேறு எண் எழுதினால் கேள்வி வரும்.

கணவர் இன்னும் துபாயிலோ சென்னையிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருக்க, மனைவி மட்டும் பிள்ளைகளுடன் இங்கே இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அவர்கள் ‘தனியாள்’ என்று குறித்துவிடக் கூடாது. மணமானவர் என்றே எழுதி, வெளிநாட்டில் உள்ள துணைவரின் வருமானத்தைச் சி.டி.பி.9 என்ற படிவத்தில் ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும். தனியாள் என்று காட்டிக் கூடுதலாகப் பெற்ற தொகையைப் பின்னால் அப்படியே திருப்பிப் பிடித்துக்கொள்வார்கள்.

பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஆர்.சி.66 ஒன்றே ஜி.எஸ்.டி. கிரெடிட்டுக்கும் விண்ணப்பமாகிவிடும். பிள்ளைகள் இல்லாத தம்பதியர் ஆர்.சி.151 என்ற படிவத்தை அனுப்ப வேண்டும். 2025–26 காலத்துக்குத் தம்பதியருக்கு அதிகபட்சம் 698 டாலரும், ஒவ்வொரு பிள்ளைக்கும் 184 டாலரும் நான்கு தவணைகளில் என்று நிர்ணயித்தார்கள்.

6. அனுப்பிய பின் காத்திருங்கள், கடிதப் பெட்டியைப் பாருங்கள்

சி.ஆர்.ஏ.வின் இணையக் கணக்கைப் புதிதாக வந்தவர்கள் முதல் வரித்தாக்கல் மதிப்பீடு ஆகும்வரை பெரும்பாலும் திறக்க முடியாது. ஆகவே தபால்தான் வழி. படிவத்தில் குறிப்பிட்ட, உங்கள் மாகாணத்துக்குரிய வரி மையத்துக்கு, தபால் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க உதவும் எண்ணுடன் அனுப்புங்கள். முழுமையான விண்ணப்பத்துக்குத் தபாலில் 11 வாரமும் இணையத்தில் 8 வாரமும் ஆகும். அதற்கு முன் தொலைபேசியில் அழைப்பது பயனற்றது. அந்தக் காலம் கடந்தால் 1-800-387-1193 என்ற எண்ணில் அழைக்கலாம். அழைக்கும்போது சின் எண்ணும், விண்ணப்பத்தின் நகலும், கையில் ஒரு புத்தகமும் இருக்கட்டும். காத்திருப்பு இசை நீளமானது.

சைல்ட் பெனிஃபிட் மாதத்தின் 20ஆம் தேதியை ஒட்டியும், டிசம்பரில் சற்று முன்னதாகவும் வரும். நேரடி வரவுக்கு வங்கியில் பதிந்துகொண்டால் காசோலைக்குக் காத்திருக்க வேண்டாம்.

சில மாதம் கழித்து, நீங்கள் இங்கேதான் வசிக்கிறீர்களா, பிள்ளைகள் உங்களுடன் இருக்கிறார்களா என்று ஆவணம் கேட்டுக் கடிதம் வரலாம். பயப்பட ஒன்றுமில்லை, பலருக்கும் வருவதுதான். நான்காம் படியில் சொன்ன உறையைத் திறந்து, கடிதம் குறித்த கெடுவுக்குள் பதில் அனுப்புங்கள். வீடு மாறியதைச் சொல்லாததால் இந்தக் கடிதம் பழைய முகவரிக்குப் போய், பதில் வராமல் தொகை நிறுத்தப்பட்ட கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். ‘உங்கள் பெனிஃபிட் தயார், இந்த இணைப்பைத் தட்டுங்கள்’ என்று குறுஞ்செய்தி வந்தால் அழித்துவிடுங்கள், சி.ஆர்.ஏ. அப்படிப் பணம் அனுப்புவதில்லை.

தாமதமாகத் தெரியவந்தவர்களும் விட்டுவிட வேண்டாம். பத்து ஆண்டுவரை பின்னோக்கிக் கேட்கலாம். 11 மாதத்துக்கு மேல் பின்னோக்கிக் கேட்டால் அந்தக் காலம் முழுவதற்குமான வசிப்பு, குடியேற்றச் சான்றுகளைச் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

7. ஏப்ரல் 30க்குள் இருவரும் வரித்தாக்கல் செய்யுங்கள்

ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டி4 சீட்டை முதலாளி பிப்ரவரி இறுதிக்குள் தர வேண்டும். முதல் தாக்கலில் கனடாவுக்கு வந்த தேதியைப் போட மறக்காதீர்கள், அது இல்லாவிட்டால் ஆண்டு முழுவதும் இங்கே இருந்ததாகக் கணக்காகிவிடும். ஒருவர் தாக்கல் செய்து மற்றவர் செய்யாவிட்டால் ஜூலையில் தொகை நிற்கும். வருமானம் குறைந்தவர்களுக்கு மார்ச், ஏப்ரல் மாதங்களில் நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் தன்னார்வலர்கள் இலவசமாகத் தாக்கல் செய்து தருகிறார்கள். எங்கள் இரண்டாவது ஆண்டுத் தாக்கலை அப்படித்தான் முடித்தோம், முதல் ஆண்டில் பணம் கொடுத்துச் செய்ததைவிட ஒழுங்காகவே இருந்தது.

வொர்க்கர்ஸ் பெனிஃபிட் தாக்கலின் 6ஆம் அட்டவணை வழியாக வருகிறது. ஆண்டு முழுவதும் கனடாவில் வசித்திருக்க வேண்டும் என்பது விதி என்பதால், ஆகஸ்டில் வந்த எங்களுக்கு 2023க்குக் கிடைக்கவில்லை. 2024க்குத்தான் முதல் தகுதி. 2024ஆம் ஆண்டுக்குக் குடும்பத்துக்கு அதிகபட்சம் 2,739 டாலர். குடும்ப வருமானம் 29,833 டாலரைத் தாண்டியதும் குறையத் தொடங்கும். இருவரும் வேலைக்குப் போனால் குறைவாகச் சம்பாதிப்பவரின் வருமானத்தில் ஒரு பகுதியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒருமுறை தகுதி பெற்றால் அடுத்த ஆண்டுத் தொகையில் பாதியை ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களில் முன்பணமாகத் தாமே அனுப்புவார்கள்.

டிரில்லியம் பெனிஃபிட்டுக்குத் தாக்கலுடன் ஓ.என்.-பென் என்ற படிவத்தை நிரப்பி, அந்த ஆண்டில் கட்டிய வாடகையை எழுத வேண்டும். டிசம்பர் 31 அன்று ஒன்டாரியோவில் வசித்திருந்தால் போதும். நிலவறை வீட்டில் ரொக்கமாக வாடகை கொடுப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ரசீது கேட்டால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். குடிபுகும் முன்பே பேசி, மாதந்தோறும் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள், அல்லது வங்கி வழியாகவே அனுப்புங்கள். ஆண்டுத்தொகை 360 டாலருக்குள் இருந்தால் ஜூலையில் மொத்தமாகவும், அதற்கு மேல் போனால் மாதந்தோறும் 10ஆம் தேதியும் வரும்.

8. மாற்றங்களை உடனே தெரிவியுங்கள்

முகவரி, வங்கிக் கணக்கு, அனுமதியின் காலம், மணவாழ்க்கை நிலை, பிள்ளை வீட்டைவிட்டுப் போவது, புதிதாகப் பிறப்பது ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். மணநிலை மாற்றத்தை, அது நடந்த மாதத்துக்கு அடுத்த மாத முடிவுக்குள் தெரிவிக்க வேண்டும். பிரிவு என்பது மட்டும் 90 நாள் கடந்த பிறகே பிரிவாகக் கொள்ளப்படும். சம்பளம் கூடினால் அடுத்த ஜூலையில் தொகை குறையும் என்பதை நினைவில் வைத்து மாதச் செலவைத் திட்டமிடுங்கள். கணவரின் சம்பளம் உயர்ந்த ஆண்டில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மறு ஆண்டு ஜூலை 20ஆம் தேதி வங்கிக் கணக்கைப் பார்த்தபோது 140 டாலர் குறைந்திருந்தது.

ஸ்பான்சர் செய்து துணைவரை வரவழைத்தவர்கள் பலர், இந்தத் தொகையை வாங்கினால், துணைவரைத் தாமே பராமரிப்பதாக அரசுக்குக் கொடுத்த உறுதிமொழிக்குப் பங்கம் வருமோ என்று தயங்குகிறார்கள். அந்த உறுதிமொழி மாகாண அரசுகள் தரும் சமூக உதவியைப் பற்றியது. வரித்துறை வழியாக வரும் சைல்ட் பெனிஃபிட் அதில் சேராது.